ஹாத்தார்ன் பூவின் மணத்தைக் கட்டுவது எப்படி: நன்னாரி வேரிலிருந்து மீன் கவுச்சி வரை

வாசனைப் பொருட்கள் விற்கும் கடைகளின் பட்டியலில் 'ஓபெபீன்' என்று ஒரு பெயர் இருக்கும். பிரெஞ்சு மொழியில் ஹாத்தார்ன் என்ற ஐரோப்பிய முள்மரத்துக்கு அதுதான் பெயர். பூவின் சாறே கிடைக்கிறது என்று நம்பி வாங்கினால், வந்து சேர்வது அனிசால்டிகைடு என்ற ஒற்றை வேதிப்பொருள். கடைக்காரர் ஏமாற்றவில்லை. பூவின் பெயரையே இந்தப் பொருளுக்கும் வைத்துக் கூப்பிடுவது தொழிலில் வெகுகாலப் பழக்கம். என் முதல் பாட்டிலை நானும் பூச்சாறு என்று நினைத்துத்தான் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது சோம்பும் பாதாமும் கலந்த இனிப்பு. பூ எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

ஹாத்தார்ன் பூவிலிருந்து மல்லிகை, ரோஜா போல வணிக அளவில் எண்ணெயோ, அப்சொல்யூட் எனப்படும் கெட்டியான பூச்சாறோ எடுத்து விற்பதில்லை. 'ஹாத்தார்ன்' என்று பெயர் போட்டு வருகிற வாசனைத் திரவியம் எதுவானாலும், அந்தப் பூவின் மணத்தை யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து, வேறு பொருட்களைக் கலந்து கட்டியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். இந்த வழிகாட்டி அந்தக் கட்டும் வேலையைப் பற்றியது. வீட்டில் ஒரு சின்ன தராசும் கொஞ்சம் பாட்டில்களும் இருந்தால் போதும். மருந்துக் கடைகளிலும் மூலிகைக் கடைகளிலும் ஹாத்தார்ன் பழச்சாறு, ஹாத்தார்ன் தேநீர் என்று விற்பார்கள். அதற்கும் நம் வேலைக்கும் சம்பந்தமில்லை, அதில் பூவாசனை இருக்காது.

பூவைப் பற்றித் தெரியாமல் கூட்டக் கூடாது

ஹாத்தார்ன் ஐரோப்பாவின் வேலி மரம். ரோஜாக் குடும்பம், பேரினத்தின் பெயர் க்ரடேகஸ். இங்கிலாந்தில் வயல் வரப்பெல்லாம் முள்வேலியாக நிற்கிறதே, அது பெரும்பாலும் இதுதான். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொது நிலங்களைத் தனியார் வளைத்துப் போட்டபோது நட்ட வேலிகள் அதில் ஏராளம். இரண்டு இனங்களை அதிகம் பார்க்கலாம். ஒன்று மோனோஜைனா, அதன் பூவில் ஒரே சூல்தண்டு. மற்றது லேவிகாட்டா, அதில் பெரும்பாலும் இரண்டு. வெள்ளை இதழ் ஐந்து, நடுவில் இளஞ்சிவப்பு மகரந்தப் பைகள், கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

மே மாதத்தில் பூப்பதால் ஆங்கிலேயர் அதை 'மே' என்றே அழைக்கிறார்கள். 1752இல் பிரிட்டன் நாள்காட்டியை மாற்றி 11 நாட்களைத் தாண்டியது. அதற்கு முன் மே முதல் நாள் என்பது இன்றைய கணக்கில் மே 12. அதனால்தான் மே தினத்துக்கு ஹாத்தார்ன் கொத்து ஒடித்து வருவது அன்றைக்குச் சுலபமாக இருந்தது. நாள்காட்டி மாறிய பிறகு பூ பிந்தி வருகிற மாதிரி ஆகிவிட்டது.

நமக்கு வேண்டியது அந்த ஊரின் ஒரு மூட நம்பிக்கை. ஹாத்தார்ன் பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்று கிராமத்துப் பெரியவர்கள் திட்டுவார்கள். வாசலில் கட்டலாம், உள்ளே கூடாது. 1665இல் லண்டனைப் பிடித்த பிளேக்கின் வாடை இந்தப் பூவில் இருக்கிறது என்றும் ஒரு பேச்சு உண்டு. பின்னால் வேதியியலாளர்கள் பூவை ஆராய்ந்தபோது அதில் ட்ரைமெத்திலமீன் இருந்தது. உயிர் போன உடல் அழுகத் தொடங்கும்போது முதலில் எழும் பொருட்களில் ஒன்று அது. பிணத்தை அடக்கம் செய்யும் வரை நாள்கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்த காலத்தில், அந்த வாடை எல்லோருக்கும் பழக்கம். பெரியவர்கள் திட்டியதில் நியாயம் இருந்திருக்கிறது. மரத்துக்கும் இதில் லாபம் உண்டு, அந்த வாடைக்கு ஈக்கள் வரும்.

ட்ரைமெத்திலமீனை நமக்கும் நன்றாகத் தெரியும். கொஞ்சம் பழசான மீனின் கவுச்சி அதுதான். மீனைப் புளித் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அலசினால் கவுச்சி குறைகிறதல்லவா? இந்த அமீன் வகைப் பொருள் அமிலத்துக்கு எதிரான காரம். அமிலம் பட்டதும் உப்பாக மாறி, காற்றில் எழும்பாமல் படுத்துவிடும்.

ஆக, பூவின் மணத்தில் இரண்டு முகம்: பாதாம், சோம்பு, தேன் கலந்த ஓர் இனிப்பு, அதன் அடியில் கருவாட்டுக் கூடையின் ஒரு நிழல். கடையில் கிடைக்கிற 'ஹாத்தார்ன்' கூட்டுகளில், அதாவது வாசனைக் கலவைகளில், பெரும்பாலானவை முதல் முகத்தை மட்டும் காட்டுகின்றன. அவை சுத்தமாக இருக்கும், சோப்பு மாதிரி இருக்கும், ஐந்து நிமிடத்தில் அலுத்தும் போகும். அடியில் இருக்கும் அழுக்குத்தான் இந்தப் பூவை உயிரோடு வைத்திருக்கிறது என்பது என் கட்சி. எவ்வளவு அழுக்கு, எந்த அழுக்கு என்பதில்தான் வேலையே இருக்கிறது.

முதல் வேலை: மூக்கைப் பழக்குவது

நம்மில் பலர் ஹாத்தார்ன் மரத்தை நேரில் முகர்ந்திருக்க மாட்டோம். பரவாயில்லை, நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஐம்பது கிராம் நன்னாரி வேர் வாங்கி வாருங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நன்னாரி வேரின் மணத்துக்குப் பெரும்பங்கு காரணமான பொருள் 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸி பென்சால்டிகைடு. மாகாளிக் கிழங்கு ஊறுகாயின் வாசனையும் இதுவே. ஹாத்தார்ன் கூட்டின் முதுகெலும்பான அனிசால்டிகைடோ 4-மெத்தாக்ஸி பென்சால்டிகைடு. ஒரே வளையம், அதே இடத்தில் மெத்தாக்ஸி, அதே ஆல்டிகைடு. நன்னாரியில் ஒரு ஹைட்ராக்ஸில் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே வீட்டுப் பிள்ளைகள். வேரை லேசாக இடித்து, ஒரு மூடிய டப்பாவில் பத்து நிமிடம் வைத்து முகருங்கள். வனிலா போல, பாதாம் போல, மாவு பூசினாற்போல ஓர் இனிப்பு வரும். அதிலிருந்து மண்வாடையைக் கழித்து, கொஞ்சம் சோம்பைச் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால் அனிசால்டிகைடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று புரிந்துவிடும்.

சோம்பு சும்மா வரவில்லை. சோம்பிலும் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலும் இருப்பது அனெத்தோல். அதை ஆக்சிஜனேற்றம் செய்தால் கிடைப்பது அனிசால்டிகைடு. 19ஆம் நூற்றாண்டில் அது அந்த வழியாகத்தான் முதலில் கிடைத்தது. இன்று பெரும்பாலும் பெட்ரோலிய வழியில் வரும் பாரா-கிரெசோலின் மெத்தில் ஈதரிலிருந்து செய்கிறார்கள்.

அடுத்து, பாதாம் எசன்ஸ் ஒரு சொட்டு. அதில் இருப்பது பென்சால்டிகைடு. அப்புறம் பச்சைப் புல்லைக் கிள்ளி முகருங்கள். கடைசியாக, முந்தின நாள் தலையில் வைத்து வாடிய மல்லிச் சரம். அதில் மிஞ்சி நிற்கும் அந்தக் கனத்த வாடையில் இண்டோல் இருக்கிறது. இந்த ஐந்தையும் தனித்தனியாக அடையாளம் காண முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

என்னென்ன வாங்க வேண்டும்

தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும். சொட்டுக் கணக்கு வேண்டாம். ஒரு சொட்டின் எடை பிப்பெட்டுக்குப் பிப்பெட் மாறும், பொருளுக்குப் பொருள் மாறும். கண்ணாடி பாட்டில்கள், பிளாஸ்டிக் பிப்பெட்டுகள், முகர்ந்து பார்க்கும் காகிதப் பட்டைகள், ஒட்டி எழுத லேபிள்.

கரைப்பானாக டைப்ரொபிலீன் கிளைக்கால் வாங்குங்கள். தொழிலில் டிபிஜி என்பார்கள். வாசனை இல்லாதது, விலை குறைவு. எத்தனால் இன்னும் நல்லது, ஆனால் நம்மூரில் கலால் விதிகளைத் தாண்டிச் சில்லறையில் வாங்குவது லேசில்லை. அதற்காகக் கைகழுவும் சானிடைசரையோ மருத்துவமனை ஸ்பிரிட்டையோ ஊற்றிவிடாதீர்கள். அந்த நெடி எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

பொருட்களில் முதலாவது அனிசால்டிகைடு. நிறமற்றதோ லேசான மஞ்சளோ உள்ள திரவம், கொதிநிலை ஏறக்குறைய 248 டிகிரி செல்சியஸ். ஆவியாக நேரம் எடுப்பதால் தாளில் மணிக்கணக்கில் நிற்கும்.

ஆல்ஃபா டெர்பினியால் லைலாக் பூவின் பக்கம் இழுக்கும். பீனைல் எத்தில் ஆல்கஹால் ரோஜாத் தண்ணீர். ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால் ஈரமான, மென்மையான வெள்ளைப்பூ மணம். பழைய குறிப்புகளில் இந்த இடத்தில் லிலியால் என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். 2022 மார்ச்சிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் அழகுப் பொருட்களில் அதைத் தடை செய்துவிட்டது, தேடி அலைய வேண்டாம். லினலூல், ஹீடியோன் இரண்டும் எந்தக் கடையிலும் இருக்கும். ஹீடியோன் மல்லிகைச் சாயலில் காற்றோட்டம் கொடுக்கும்.

கூமரின் வெள்ளைப் படிகம், காய்ந்த வைக்கோல் மணம். 1868இல் ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் பெர்கின் இதைச் செயற்கையாகத் தயாரித்தார். பாரா-மெத்தில் அசிட்டோபீனோன் அனிசால்டிகைடுக்குப் பூவுருவம் கொடுக்கும், ஆனால் முரடு. குளிர் ஊரில் உறைந்து கிடக்கும், சென்னை வெயிலில் திரவமாகவே இருக்கும்.

மிகச் சிறிய அளவில் வேண்டியவை: பென்சால்டிகைடு, பீனைல் அசிட்டால்டிகைடு, சிஸ்-3-ஹெக்ஸெனால், வனிலின், இண்டோல், முடிந்தால் பாரா-கிரெசில் அசிட்டேட்.

ஹெலியோட்ரோபின் எங்கே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஹாத்தார்னுக்கு அது அருமையான ஜோடி. முதலில் அது கிடைத்ததே மிளகின் காரப்பொருளான பைப்பரினின் வழியாகத்தான். அதனால்தான் பைப்பரோனால் என்றும் பெயர். ஆனால் போதைப்பொருள் தயாரிப்புக்கு உதவும் என்பதால் 1988ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் பழகுகிறவருக்கு அந்தத் தலைவலி வேண்டாம். வனிலினை ஒரு துளி வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

கரைத்து வைப்பது

கடைசியாகச் சொன்ன ஆறு பொருட்களையும் நேரடியாகக் கூட்டில் விடக் கூடாது. பென்சால்டிகைடு, பீனைல் அசிட்டால்டிகைடு, சிஸ்-3-ஹெக்ஸெனால், வனிலின், இண்டோல் ஐந்தையும் 10% கரைசலாக வையுங்கள்: பொருள் 1 கிராம், டிபிஜி 9 கிராம். வனிலின் டிபிஜியில் கரைய அடம்பிடிக்கும். பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்திக் குலுக்குங்கள். பாரா-கிரெசில் அசிட்டேட்டை 1% ஆகவே வையுங்கள். அதைக் கரைக்காமல் அப்படியே திறந்து முகர்ந்தால் குதிரை லாயம்தான் தெரியும். ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர், சதவீதம், தேதி. தேதி எழுதச் சோம்பல்பட்ட பாட்டில்கள்தான் ஒரு வருடம் கழித்துக் குழப்பும்.

இண்டோல் கரைசல் நாளாக ஆகச் சிவக்கும். பயப்பட வேண்டாம், அதன் குணம் அது.

மூன்று பொருள் எலும்புக்கூடு

நேரே பதின்மூன்று பொருளில் குதிக்காதீர்கள். முதலில் மூன்று: அனிசால்டிகைடு 4 பங்கு, டெர்பினியால் 3 பங்கு, பீனைல் எத்தில் ஆல்கஹால் 3 பங்கு. மொத்தம் 1 கிராம் போதும். கலக்கி, டிபிஜியில் 10% ஆக நீர்த்து, தாளில் தோய்த்து முகருங்கள்.

பூ மாதிரி ஒன்று எழும், ஆனால் பொம்மைப் பூ. பழைய சோப்புக் கட்டியின் ஞாபகம் வரும். அது தற்செயல் இல்லை, அனிசால்டிகைடு சோப்பில் நிறையவே ஓடியிருக்கிறது. இதே மூன்றில் அளவை மாற்றிப் பாருங்கள். அனிசால்டிகைடு 7 ஆனால் மிட்டாய்க் கடை. டெர்பினியால் 6 ஆனால் தரை துடைக்கும் திரவம். ரோஜா கூடினால் ஹாத்தார்ன் காணாமல் போய்விடும். இந்த மூன்று தவறுகளையும் வேண்டுமென்றே ஒருமுறை செய்து பார்த்தவருக்கு, பிறகு பெரிய கூட்டில் எது மிஞ்சுகிறது என்று மூக்கே சொல்லிவிடும்.

முழுக் கூட்டு

10 கிராமுக்கான கணக்கு இது. 1 பங்கு என்றால் 0.1 கிராம், மொத்தம் 100 பங்கு.

அனிசால்டிகைடு – 25
ஆல்ஃபா டெர்பினியால் – 15
பீனைல் எத்தில் ஆல்கஹால் – 14
ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால் – 12
ஹீடியோன் – 12
லினலூல் – 8
கூமரின் – 3
பாரா-மெத்தில் அசிட்டோபீனோன் – 2
பென்சால்டிகைடு, 10% கரைசல் – 2
பீனைல் அசிட்டால்டிகைடு, 10% கரைசல் – 2
சிஸ்-3-ஹெக்ஸெனால், 10% கரைசல் – 2
வனிலின், 10% கரைசல் – 2
இண்டோல், 10% கரைசல் – 1

கூமரினை முதலில் பாட்டிலில் போட்டுவிட்டு, அதன்மேல் பீனைல் எத்தில் ஆல்கஹாலையும் ஹீடியோனையும் ஊற்றிக் கரையவிடுங்கள். பிறகு பெரிய அளவுகள், கடைசியாகக் கரைசல்கள். ஒவ்வொன்றையும் விட்டதும் தராசு காட்டிய எண்ணைத் தாளில் எழுதுங்கள். 0.20க்குப் பதில் 0.23 விழுந்துவிட்டால் 0.23 என்றே எழுதுங்கள். மூக்குக்குப் பிடித்த விபத்து எது என்று பின்னால் தெரிய அந்த எண்தான் வேண்டும்.

இதில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதை அளவு காட்டிக்கொடுக்காது. சிஸ்-3-ஹெக்ஸெனாலின் உண்மை அளவு நூற்றில் 0.2தான், ஆனால் அதை எடுத்துவிட்டால் பூ செடியிலிருந்து பிடுங்கப்பட்டு ஜாடிக்குப் போய்விடும். பீனைல் அசிட்டால்டிகைடு தேனும் பச்சையும் கொடுக்கும். கொஞ்சம் கூடினால் எல்லாமே ஹயசிந்த் பூவாகிவிடும். பென்சால்டிகைடு முதல் பத்து நிமிடத்துக்கான பாதாம். சீக்கிரம் பறந்துவிடும், பறக்கவும் வேண்டும்.

ஆரஞ்சுப் பூவின் சாயல் நன்றாக இருக்குமே என்று மெத்தில் ஆந்த்ரனிலேட்டைச் சேர்க்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அது முதல்நிலை அமீன். இந்தக் கூட்டில் இருக்கிற ஆல்டிகைடுகளோடு வினை புரிந்து ஷிஃப் காரம் என்ற வேறொரு சேர்மம் ஆகும். சில நாளில் பாட்டில் அடர்மஞ்சளாகி, இனிப்புக் கனத்து, ஹாத்தார்னின் மெல்லிய வெள்ளை போய்விட்டது. அந்த வினையை விரும்பிச் செய்கிறவர்களும் உண்டு: ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லாலையும் மெத்தில் ஆந்த்ரனிலேட்டையும் சேர்த்து வருகிற ஆரான்டியால் என்பது நல்ல பொருள்தான். இந்த வேலைக்கு ஒத்துவராது.

அழுக்கைச் சேர்ப்பது

உண்மைப் பூவில் ட்ரைமெத்திலமீன் இருக்கிறது, அதையே சேர்த்துவிடலாமே என்று ஒரு கேள்வி வரும். அது சாதாரண வெப்பநிலையில் வாயு, கொதிநிலை 3 டிகிரி செல்சியஸ் அளவில். கூட்டில் நிற்காது; நிற்கிற கொஞ்ச நேரத்துக்கும் அறையே மீன் சந்தையாகிவிடும். காரம் என்பதால் ஆல்டிகைடுகளையும் கெடுக்கும். அதனால் அந்தப் பொருளை விட்டுவிட்டு, அது மூக்கில் உண்டாக்குகிற உணர்வை மட்டும் வேறு வழியில் கொண்டுவர வேண்டும். அழகின் அடியில் ஏதோ சரியில்லை என்ற அந்தச் சந்தேகம் தோன்றினால் போதும்.

கூட்டை மூன்று சின்ன பாட்டில்களில் 2 கிராம் வீதம் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவதை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் இண்டோல் 10% கரைசல் இன்னும் 0.04 கிராம். மூன்றாவதில் பாரா-கிரெசில் அசிட்டேட் 1% கரைசல் 0.04 கிராம்.

இண்டோல் கூடிய பாட்டில் மல்லிகையின் பக்கம் சாயும். நம் மூக்கு மல்லியிலேயே வளர்ந்தது, அதனால் இது உடனே பிடிக்கும், அதுதான் ஆபத்து. ஹாத்தார்ன் செய்கிறோம் என்று உட்கார்ந்து திண்டுக்கல் பூச்சந்தையில் போய் முடிவோம். மூன்றாவது பாட்டில் முதலில் முகம் சுளிக்க வைக்கும். தாளை அரைமணி நேரம் விட்டுவிட்டு வந்து முகருங்கள். இனிப்பின் பின்னால் தொழுவம், ஈரத்தோல், விலங்கின் மூச்சு மாதிரி ஒன்று நிற்கும். எனக்கு அதுதான் வேலியோர ஹாத்தார்னுக்குப் பக்கத்தில் வருகிறது. மூன்றிலும் பாதிப் பாதி சேர்த்துப் பார்ப்பதும் தப்பில்லை. ஒரே ஒரு சோதனை: பக்கத்தில் இருக்கிறவரிடம் தாளைக் கொடுங்கள். அவர் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, தாளைத் திருப்பித் தராமல் மறுபடி முகர்ந்தால் அளவு சரி. "என்ன நாத்தம்?" என்றால் பாதியாகக் குறையுங்கள்.

காத்திருப்பது, முகர்வது

கலந்த அன்றைக்கே தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரு வாரம் இருட்டில் இருக்கட்டும். முனைகள் மழுங்கும்; எத்தனாலில் கரைத்தவர்களுக்கு இந்த மாற்றம் இன்னும் தெரியும், ஏனென்றால் ஆல்டிகைடுகள் ஆல்கஹாலோடு சேர்ந்து அசிட்டால்களாகக் கொஞ்சம் மாறும், நெடி தணியும்.

பிறகு 10% கரைசலாக்கித் தாளில் தோய்த்து, ஐந்து நிமிடத்தில், ஒரு மணி நேரத்தில், மறுநாள் காலையில் முகருங்கள். ஐந்து நிமிடத்தில் பச்சையும் பாதாமும் தெரிய வேண்டும். ஒரு மணி நேரத்தில் பூ முழுதாக இருக்க வேண்டும். மறுநாள் காலையில் கூமரினும் அனிசால்டிகைடின் மிச்சமும் மாவு போல நிற்கும். மறுநாள் வெறும் சோம்பு மட்டும் நின்றால் அனிசால்டிகைடை 20க்கு இறக்கி, அந்த இடத்தில் ஹீடியோனைக் கூட்டுங்கள். ஒரே நாளில் பத்துத் தாள் முகர்ந்தால் மூக்கு இந்தப் பொருளுக்கு மரத்துப் போகும். மூன்று தாளோடு நிறுத்திவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள்.

திரவியத்துக்குள் வைப்பது

இந்தக் கூட்டைத் தனியாகப் பூசிக்கொள்ளலாம், ஆனால் அது நடுமணம் மட்டும். முதலில் எழும் தலைமணமும் கடைசியில் நிற்கும் அடிமணமும் வேண்டும். எந்தத் திசையில் போகலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரி, பிரெஞ்சு வாசனைக் கலைஞர் ஜாக் கெர்லான் 1906இல் செய்த 'ஆப்ரே லோந்தே'. அந்தப் பெயருக்கு மழை பெய்து ஓய்ந்த பிறகு என்று பொருள். அனிசால்டிகைடின் ஹாத்தார்னை வயலட், ஐரிஸ், ஹெலியோட்ரோப் சாயல்களோடு சேர்த்து ஈரமான, சோகமான ஒரு மென்மையை அதில் கொண்டுவந்தார். வயலட் மணம் தரும் அயனோன் என்ற வேதிப்பொருட்களை வேதியியலாளர்கள் டீமனும் க்ரூகரும் 1893இல்தான் கண்டறிந்தார்கள். பதின்மூன்று வருடத்தில் அப்படியொரு திரவியம் வந்துவிட்டது.

அதே மழைத் திசையில், நம் கைக்கு எட்டும் பொருட்களோடு ஒரு கலவை: ஹாத்தார்ன் கூட்டு 30, மெத்தில் அயனோன் 20, ஹீடியோன் 20, சந்தன வாசனைப் பொருள் 15, கேலக்சோலைடு (கஸ்தூரி வாசனைப் பொருள்) 10, பெர்கமாட் (ஒருவகை எலுமிச்சை எண்ணெய்) 3, வெட்டிவேர் எண்ணெய் 2. வெட்டிவேர் ஐரோப்பியக் குறிப்புகளிலும் உண்டு, ஆனால் இங்கே நான் அதைப் போடுவதற்குக் காரணம் வேறு. பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் குடித்த மூக்குக்கு, நனைந்த மண் என்றால் அதுதான். 2ஐ 4 ஆக்கிவிடாதீர்கள், மரம் முளைத்துப் பூவை மூடிவிடும். பச்சோலி எண்ணெய், ஊது என்ற அகில் எண்ணெய், கனத்த அத்தர் அடிகள் எதுவும் ஹாத்தார்னுக்கு ஆகாது. அவற்றின் கீழே இது வெறும் சோம்பாகச் சுருங்கும்.

தோலில் போடும் முன் ஒரு கணக்கு

சர்வதேச வாசனைப் பொருள் சங்கமான இஃப்ரா, பொருள்வாரியாக உச்ச அளவுகளை வெளியிடுகிறது. அந்த அளவுகள் அவ்வப்போது மாறும், அதனால் பழைய புத்தகத்தை நம்பாமல் நடப்புப் பட்டியலையும், விற்றவர் தரும் பாதுகாப்புத் தாளையும் பாருங்கள். நம் பொருட்களில் ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால், கூமரின், மெத்தில் அயனோன், பீனைல் அசிட்டால்டிகைடு ஆகியவற்றுக்குக் கவனம் வேண்டும்.

கணக்கு சுலபம். கூட்டில் ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால் 12%. மேலே சொன்ன கலவையில் கூட்டு 30%, ஆக அங்கே அது 3.6%. அந்தக் கலவையை 15% ஆகக் கரைத்து ஸ்ப்ரே செய்தால், தோலில் படுவது 0.54%. இந்தக் கடைசி எண்ணைத்தான் இஃப்ரா அளவோடு ஒப்பிட வேண்டும். அளவுக்குள் இருந்தாலும் முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு துளி போட்டு ஒரு நாள் பாருங்கள். கரைக்காத பொருள் எதுவும் தோலில் படக் கூடாது. வேலை செய்யும் அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பாட்டிலைக் காப்பாற்றுவது

அனிசால்டிகைடுக்குக் காற்று ஆகாது. ஆக்சிஜன் பட்டால் அனிசிக் அமிலமாகும். அது மணமே இல்லாத வெள்ளைப் படிகம். என் அலமாரியில் ஒரு பாதி காலியான பாட்டில் இரண்டு வருடம் கிடந்தது. கழுத்தில் உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாக ஒட்டியிருந்தது. சரி, ஏதோ தூசி என்று துடைத்துவிட்டு அதையே கூட்டில் ஊற்றினேன். பூ எழவே இல்லை. தப்பு எங்கே என்று ஒரு வாரம் மற்ற பன்னிரண்டு பொருட்களையும் சந்தேகப்பட்டேன்.

அதனால் பெரிய பாட்டிலாக வாங்கினாலும், வந்த அன்றே 10 மில்லி கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பிப் பிரித்து வையுங்கள். இருட்டான, குளிர்ந்த இடம் போதும். குளிர்பெட்டியில் வைப்பதானால் ஃப்ரீசர் வேண்டாம், 0 டிகிரிக்கு அருகிலேயே உறைந்துவிடும்; உறைந்தால் அறை வெப்பத்தில் முழுதும் உருகிய பிறகே அளந்து எடுங்கள். கழுத்தில் வெள்ளைப் படிகம் தெரிந்தால், புதிதாக ஒரு பாட்டிலைத் திறந்து இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். பழையது மங்கியிருந்தால் கூட்டில் ஊற்றாதீர்கள்.